படகுகளுக்கு வெற்றிலை வைத்தது

தண்ணீருக்கும் வானத்துக்கும் இன்னும் பாகப்பிரிவினை ஆகாத காலத்தில் ஒரு கழி இருந்தது. கழிக்கு ஒரு கரை இருந்தது. கரைக்கு ஒரு ஊர் இருந்தது. அந்தக் காலம் போன தை மாதம். ஊர் சேராங்குப்பம்.

கழி என்றால், கடல் உள்ளே வந்து, திரும்பிப் போக மனமில்லாமல் தங்கிவிட்ட தண்ணீர். எங்கள் கழியின் படகுகளை எந்த விசேஷத்துக்கும் நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும். அழைக்காவிட்டால் கோபித்துக்கொள்ளும். மீன் பிடிக்கப் போவதற்கு அழைப்பு தேவையில்லை, அது வேலை. தெப்பம் விடுவது, புதுப் படகு இறக்குவது, ஓட்டுப் பெட்டி தீவுக்குப் போவது, இதெல்லாம் விசேஷம். விமானம் இறங்குவதும் விசேஷம்தான் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவானது.

அது சக்கரத்துக்குப் பதிலாக இரண்டு மிதவைகள் வைத்த விமானம். தண்ணீரில் இறங்கும், தண்ணீரிலிருந்தே கிளம்பும். சுற்றுலாக்காரர்களை ஏற்றிவரப் போகிறார்கள் என்றார்கள். முதலில் பயணிகள் இல்லாமல் ஒரு தடவை இறங்கிப் பார்க்க வேண்டும். ஓட்டி வரப்போவது என் அக்கா வேம்பு.

அக்கா விமானம் ஓட்டப் படிக்கப் போனபோது அப்பா ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் படகு பெரியநாயகிதான் ஒரு மாதம் கடலுக்கு வரமாட்டேன் என்று நின்றது. அப்பா அதன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மாதம் பீடி குடித்தார்.

விமானத் திட்டத்துக்கு அலுவலராக வந்தவர் நளினகாந்தன், சேலத்துக்காரர். புதிதாகக் கட்டிய மிதவைத் துறையில் நின்று அவர் விதியைப் படித்துக் காட்டினார். தண்ணீரில் இறங்கிவிட்டால் விமானமும் ஒரு படகுதான். ஆனால் எல்லாப் படகுகளுக்கும் அது இளையது. எதிரே எந்தப் படகு வந்தாலும் விமானம்தான் ஒதுங்கி வழிவிட வேண்டும். ஒரு படகைப் பார்த்து, நகரு, நான் இறங்கணும் என்று சொல்லும் உரிமை அதற்குக் கிடையாது.

"புது மருமக மாதிரின்னு சொல்லுங்க," என்றாள் செல்லக்கிளி அத்தை.

"அப்படியும் சொல்லலாம்மா," என்றார் அவர்.

ஊருக்கு அந்த விதி பிடித்துப்போயிற்று.

முதலில் அவர் ஆட்டோவில் மைக் கட்டி அறிவிப்புச் செய்தார். படகு உரிமையாளர்கள் வியாழக்கிழமை காலை கழியின் நடுப்பகுதியை ஒழித்துத் தரும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள் என்று ஆட்டோ கரையோரமாகச் சொல்லிக்கொண்டே போனது. மறுநாள் விடிந்து பார்த்தால், எல்லாப் படகுகளும் கழியின் நடுப்பகுதியில் தோளோடு தோள் ஒட்டி நின்றன. ஒரு படகிலும் ஆள் இல்லை.

நளினகாந்தன் துறையில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். "எங்க பக்கம் லாரிங்க இப்படித்தான் தம்பி," என்று என்னிடம் சொன்னார். "நேர்ல போய்ச் சொல்லணும். நீங்கதான் பொண்ணு வீடு, நீங்களே கூப்பிட்டுருங்க."

அப்படித்தான் தட்டு என் கைக்கு வந்தது. வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு பழம், குங்குமச் சிமிழ். படகின் மூக்கில் தட்டை வைத்து, வியாழக்கிழமை காலையில் அக்கா இறங்குகிறாள், குடும்பத்தோடு வந்து கரையோரமாக இருந்து நடத்திக் கொடுக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். படகு சம்மதித்தால் மூக்கை ஒரு விரற்கடை தண்ணீருக்குள் இறக்கும். சம்மதிக்காவிட்டால் பின்பக்கத்தைக் காட்டும். படகு பேசாது. அதற்காக வீட்டுக்காரர்கள் பேசுவார்கள்.

செல்லக்கிளி அத்தையின் படகுக்குப் பெயர் சிங்கப்பூர் மாப்பிள்ளை. தட்டை வைத்ததும் அது அசையாமல் நின்றது.

"மாப்பிள்ள கேக்குது," என்றாள் அத்தை, "மிதவைத் துறை கட்டுறப்போ கூப்பிட்டாங்களான்னு."

"அது அரசாங்கம் கட்டுனது அத்தை."

"விமானம் மட்டும் உங்க மாமன் வாங்கினதாக்கும்? சரி, இன்னொண்ணு கேக்குது. குருசாமி வீட்டு நாட்டுப்படகுக்கு எத்தன பழம் வெச்ச?"

"ரெண்டு."

"எனக்கும் ரெண்டுதான் இருக்கு."

நான் சீப்பிலிருந்து இன்னொரு பழத்தைப் பிய்த்து வைத்தேன். சிங்கப்பூர் மாப்பிள்ளை மூக்கை இறக்கியது. அத்தை அந்தப் பழத்தை உரித்துத் தின்றுகொண்டே, "உங்கக்கா சின்னதுல என் மடியிலதான் மூத்திரம் போவா. இப்ப மேல இருந்து வராளா? வரட்டும், வரட்டும்," என்றாள்.

இப்படியே கழி முழுவதும் போனேன். அரசாங்க ரோந்துப் படகுக்கு முதல் மரியாதை என்று நளினகாந்தன் சொன்னதால் அதற்கும் வைத்தேன். கொஞ்சம் யோசித்து அதுவும் மூக்கை இறக்கியது. கரையில் கவிழ்ந்து கிடந்த, அடிப்பலகை இல்லாத படகுக்கும் வைத்தேன். வைக்காமல் விட்டது ஒன்றுதான். பெரியநாயகி நம் வீட்டுப் படகு. நம் வீட்டு விசேஷத்துக்கு நம் வீட்டுப் படகை யார் போய் அழைப்பார்கள்?

எங்கள் பக்கம் கல்யாணங்களில் சண்டை வருவது இந்த இடத்தில்தான். இதைத் தெரிந்தே எல்லோரும் செய்வார்கள். நானும் செய்தேன்.

வியாழக்கிழமை காலையில் படகுகள் தாமாகவே இரு கரைக்கும் ஒதுங்கின. ஒவ்வொன்றுக்கும் மூக்கில் சந்தனம் வைத்து, வரிசையில் உட்காரவைத்து, முன்னால் ஒரு வாழையிலை போட்டோம். படகுகள் சாப்பிடாது, ஆனாலும் இலை போட வேண்டும். கழியின் நடுவில் ஒரு துரும்பு இல்லை. நளினகாந்தன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "பிரமாதம்," என்றார்.

அன்றைக்குக் காற்று வரவில்லை. துறையின் கம்பத்தில் காற்றின் திசை காட்டக் கட்டிய காற்றுப் பை, காயப்போட்டு மறந்த காலுறை மாதிரி தொங்கியது. படகுகள் எல்லாம் மரியாதையாக அசையாமல் உட்கார்ந்திருந்ததால் தண்ணீரும் அசையவில்லை. கழி கண்ணாடி ஆகிவிட்டது. வானம் முழுவதும் மேகத்தோடு உள்ளே இருந்தது.

அக்கா வந்தாள். ஒரு சுற்றுச் சுற்றினாள். இறங்கினாள். பனைமர உயரத்துக்கு வந்ததும் மறுபடி மேலே ஏறிப் போய்விட்டாள். நளினகாந்தன் என் கையில் கொடுத்திருந்த வாக்கி-டாக்கி கரகரத்தது.

"டேய் அரசு, தண்ணி எங்கடா?"

"கீழதான்க்கா இருக்கு."

"கீழ வானம் இருக்கு. மேலயும் ஒண்ணு இருக்கு. எங்க நிறுத்துறதுன்னு தெரியல."

நளினகாந்தன் வாக்கி-டாக்கியை வாங்கி, கேப்டன், எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்று கேட்டார். திரும்பிப் போக இல்லை, சுற்றிக்கொண்டிருக்கக் கொஞ்சம் இருக்கிறது என்றாள். பெட்ரோல் தீர்ந்தால் விமானம் விழும். இதில் மட்டும் எங்கள் ஊரில் தனி வழக்கம் எதுவும் கிடையாது.

"கண்ணாடித் தண்ணியில எறங்குறப்ப ஒரு படகைக் குறுக்கால ஓடவிடணும்," என்றார் நளினகாந்தன். "அல எழும்பினா தண்ணி எதுன்னு கண்ணுக்குத் தெரியும். எழும்பின அலைக்குப் பின்னாலயே எறங்கிரலாம். ஒரு படகை எழுப்புங்க."

கரை முழுவதும் அவரைப் பார்த்தது.

"உக்காந்துருச்சுங்களே," என்றாள் செல்லக்கிளி அத்தை.

"இலை போட்டாச்சா?"

"போட்டாச்சு."

நளினகாந்தன் தலையை ஆட்டினார். இலை போட்டு உட்கார்ந்தவரை எழுப்பக் கூடாது என்பது சேலத்திலும் உண்டு. ரோந்துப் படகைப் பார்த்தார். அதன் முன்னாலும் இலை இருந்தது. நான் ஒரு கல்லை எடுத்து எறிந்தேன். வளையம் எழும்பி, அக்கா திரும்பி வருவதற்குள் அடங்கிப்போனது. நீந்திக் கலக்கலாம் என்றார் குருசாமி. விமானம் இறங்கும் வழியில் மனிதத் தலை இருக்கக் கூடாது என்று விதியில் இருந்தது.

அப்போதுதான் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நினைவு வந்தது. அழைக்கப்படாத படகு ஒன்றுதான் பந்தியில் உட்காராத படகு. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

பெரியநாயகி தெற்கு மூலையில், தில்லை மரங்களுக்கு நடுவே, கழிக்குப் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. கயிறு இல்லை, நங்கூரம் இல்லை. உள்ளே அப்பா உட்கார்ந்திருந்தார். அவர் பெயர் அஞ்சாப்புலி. அவரும் முதுகைத்தான் காட்டினார். நான் சேற்றில் இறங்கி நடந்து போனேன். தலைக்கு மேலே அக்கா சுற்றும் சத்தம் போய்ப் போய் வந்தது.

"அப்பா, அக்காவால எறங்க முடியல."

"கேட்டுச்சு."

"ஒரு தடவ குறுக்க ஓடினாப் போதும்."

"எனக்கு என்னடா, நான் வருவேன். இது வரணும்ல." பலகையைத் தட்டிக் காட்டினார். "ஊரு பூரா தட்ட தூக்கிட்டுப் போனியாமே. அடிப்பலக இல்லாத கட்டைக்குக்கூட ரெண்டு பழமாமே."

"நம்ம படகுன்னு நெனச்சுட்டேன்ப்பா."

"அதத்தான் சொல்லுது. நம்ம படகுன்னு நெனச்சுட்டான்னு."

தட்டை எடுத்து வரட்டுமா என்று கேட்டேன். அப்பா முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தார். "இப்பக் கூப்பிட்டா அது கூப்பிடுறது இல்லடா. எல மிஞ்சிப்போச்சுன்னு கூப்பிடுறது."

அதுவும் சரிதான். நேரம் தவறிய அழைப்பு அழைக்காததைவிட மோசம். ஆகவே பெரியநாயகியை அழைக்கவும் முடியாது, அழைக்காமல் வரவைக்கவும் வேண்டும். நான் கரைக்குச் சத்தம் போட்டு விஷயத்தைச் சொன்னேன். கரையில் கொஞ்ச நேரம் கலந்து பேசினார்கள். கல்யாண மண்டபத்துக்கு அழைக்காமல் வருகிறவர் எவர்? ஒருத்தர்தான்: சண்டை போட வருகிறவர். அவர் முறைப்படி வரலாம். வாசலில் அவரை யாரும் தடுப்பதில்லை.

ஆகவே பெரியநாயகிக்குக் கோபமூட்ட வேண்டும் என்று முடிவானது. செல்லக்கிளி அத்தை சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு துறையின் ஓரத்துக்கு வந்தாள்.

"ஏ அஞ்சாப்புலி! அங்க என்ன நிக்கிது, படகா? நான் பன்னித் தொட்டின்னுல்ல நெனச்சேன்!"

பெரியநாயகி அசையவில்லை.

"அதுல மீனு புடிக்கிறது எங்க! மீனுதான் அதப் பாத்துச் சிரிச்சுச் சிரிச்சு வயிறு வெடிச்சு மெதக்குது, இவரு பொறுக்கிட்டு வராரு!"

கரையில் சிரித்தார்கள். குருசாமி தன் பங்குக்கு, பெரியநாயகியின் பாய்த்துணியைப் பார்த்துத்தான் தன் மனைவி அடுப்பங்கரைத் துணியை மாற்றினாள் என்றார். நளினகாந்தனும் ஊரோடு சேர்ந்து ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்து, படகின் பதிவு எண் தெளிவாக எழுதப்படவில்லை என்று கத்தினார்.

அப்பா பலகையில் காதை வைத்துக் கேட்டார். பிறகு தலையை ஆட்டினார். "கோவம் வரலடா. இதுக்குக் கோவம் இல்ல, வருத்தம். வருத்தத்துல நிக்கிறத வஞ்சு என்ன பண்றது? நின்ன எடத்துலயேதான் நிக்கும்."

விமானம் எங்களுக்கு மேலே போனது. அதன் சத்தத்தில் நடுவே ஓர் இடைவெளி விழுந்து, மறுபடி தொடர்ந்தது. அப்பா மேலே பார்க்கவில்லை. ஆனால் அவர் கையிலிருந்த பீடி அணைந்துபோயிருந்தது. அவர் அதை இழுத்துக்கொண்டே இருந்தார்.

"அரசு," என்றது வாக்கி-டாக்கி. "என்னடா பண்றீங்க எல்லாரும்?"

"பெரியநாயகிய திட்டுறோம்க்கா. வரமாட்டேங்குது."

"ஏன்?"

"வெத்தல வெக்கல."

"அப்பாகிட்ட குடு," என்றாள். அப்பா வேண்டாம் என்று கையை ஆட்டினார். "சரி, படகுகிட்ட குடு."

நான் வாக்கி-டாக்கியைப் பெரியநாயகியின் உள்பலகையில் வைத்து அழுத்திப் பிடித்தேன். சின்ன வயதில் அக்காவும் நானும் படுத்துத் தூங்கும் இடம் அதுதான்.

"பெரியநாயகி," என்றது பலகை, அக்காவின் குரலில். "நீ செரமப்படாத. உனக்கு வயசாயிருச்சு, குறுக்க ஓடினா மூச்சு வாங்கும். நான் அக்கரையில எறங்கிக்கிறேன். அங்க எல்லாம் ஃபைபர் படகு. விசிலடிச்சா ஓடி வருமாம். அதுங்களையே இனிமே சொந்தமா வெச்சுக்கிறேன்."

அக்கரையில் முழங்கால் தண்ணீர்தான். விமானம் இறங்கினால் சேற்றில் மூக்கைக் குத்தி நிற்கும். அது அக்காவுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும், பெரியநாயகிக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். ஆனால் கோபம் வருவதற்கு விஷயம் உண்மையாக இருக்க வேண்டியதில்லை.

முதலில் பலகைகள் ஒவ்வொன்றாக முறுக்கிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு படகு திரும்பியது. அப்பா துடுப்பைத் தொடவில்லை. இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொள்ள மட்டும் அவருக்கு நேரம் இருந்தது. என்னையும் அப்படியே ஏற்றிக்கொண்டு பெரியநாயகி தில்லை மரங்களை விட்டுக் கண்ணாடிக்குள் பாய்ந்தது. மேகங்கள் இரண்டாகக் கிழிந்து இரு பக்கமும் ஒதுங்கின.

"வந்துருச்சு டோய், வழிய விடுங்க!" என்று கரை ஆரவாரம் செய்தது. சண்டைக்கு வருகிறவரை அப்படித்தான் வரவேற்பது.

அது நேராக அக்கரைப் பக்கம் போகவில்லை. பந்தியில் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு படகிடமும் போய் நின்று நியாயம் கேட்டது. இந்தக் கரையில் ஒரு படகு, அந்தக் கரையில் ஒரு படகு என்று மாறி மாறிப் போனது. குறுக்கும் நெடுக்குமாக அலை எழும்பியது. பேச வேண்டிய இடத்தில் அப்பா பேசினார்.

"சிங்கப்பூர் மாப்பிள்ள! ஆடி மாசம் நீ மணல்திட்டுல மாட்டுனப்ப கயிறு போட்டு இழுத்தது யாரு? இன்னிக்கு எல போட்டதும் உக்காந்துட்டியே, பெரியநாயகி எங்கன்னு ஒரு வார்த்த கேட்டியா?"

சிங்கப்பூர் மாப்பிள்ளை தன் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நியாயந்தான்ண்ணே," என்றாள் செல்லக்கிளி அத்தை.

"ஏ ரோந்து! வெளக்கு கட்டாம வந்துட்டேன்னு ராவுல என்னைய நிறுத்துவல்ல? இப்ப நிறுத்துடா பாப்போம்!"

என் கையிலிருந்த வாக்கி-டாக்கியில் அக்கா சொன்னாள்: "தண்ணி தெரியுது அரசு. நல்லாத் தெரியுது. அப்பாவ அப்படியே திட்டச் சொல்லு. நிறுத்திர வேண்டாம்."

"அப்பா, நிறுத்தாதீங்க."

"நிறுத்துனாத்தானடா!" என்றார் அப்பா. அடுத்த படகுக்கு என்ன குறை சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அது குழந்தை மாதிரிப் புதுப் படகு, யாருக்கும் ஒரு கெடுதலும் செய்ததில்லை. "நீ... நீ நல்லா வளந்து... ஒங்கப்பன மாதிரி ஆகிறாத!" என்று கத்தினார். பெரியநாயகி அதன் முன்னால் அரைவட்டம் அடித்துத் திரும்பியது. அந்த அரைவட்டத்தின் அலை விரியும்போது எங்களுக்குப் பின்னால் தண்ணீர் இரண்டு கோடாகக் கிழியும் சத்தம் கேட்டது.

விமானம் இறங்கிவிட்டது. கொஞ்ச தூரம் ஓடி, வேகம் குறைந்து, உட்கார்ந்தது. பெரியநாயகி அதன் எதிரே போய் நேருக்கு நேர் நின்றது. விதிப்படி விமானம் ஒதுங்கி வழிவிட்டது. அதற்குப் பிறகுதான் பெரியநாயகி மூக்கை ஒரு விரற்கடை இறக்கியது.

அக்கா கதவைத் திறந்துகொண்டு மிதவையில் இறங்கி நின்றாள்.

"எப்ப வந்த?" என்றார் அப்பா.

"இப்பத்தான்ப்பா."

"சாப்ட்டியா?"

"இன்னும் இல்ல."

விமானத்தைக் கயிறு கட்டித் துறைக்கு இழுத்து வந்தோம். பந்தி கலைந்தது. படகுகள் ஒவ்வொன்றாக விடைபெற்று வேலைக்குப் போயின. செல்லக்கிளி அத்தை அக்காவின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, மாப்பிள்ளைக்கு மனசு சரியில்லை, பேசித் தேற்ற வேண்டும் என்று கிளம்பினாள். நளினகாந்தன், இறக்கம் திருப்தி, அடுத்த முறை இலையைக் கொஞ்சம் தாமதமாகப் போடலாம் என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார். தண்ணீர் மறுபடி கண்ணாடி ஆகத் தொடங்கியது.

துறையில் அப்பாவும் அக்காவும் நானும் இருந்தோம். நான் தண்ணீரைப் பார்த்தேன். எங்கள் மூன்று பேரும் தலைகீழாக உள்ளே நின்றோம். கம்பம் இருந்தது, காற்றுப் பை இருந்தது, பெரியநாயகி இருந்தது. விமானத்தின் கீழே மட்டும் விமானம் இல்லை. வெறும் தண்ணீர்தான் இருந்தது.

அக்கா குனிந்து பார்த்தாள். "அது எங்கடா?"

நான் காட்டினேன். ரொம்பக் கீழே, மேகத்தை ஒட்டி, அது இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. சத்தம் கேட்கவில்லை.

"கீழ இருக்கிற படகுங்களுக்கு யாரும் வெத்தல வெக்கல," என்றேன்.

அப்பாவும் குனிந்து பார்த்தார். "அதுல பெட்ரோல் எவ்வளவு இருக்கும்?"

"எனக்கு இருந்த அளவுதான்ப்பா இருக்கும்," என்றாள் அக்கா.

"ம்." வேட்டியை மடித்துக் கட்டினார். "நீ வீட்டுக்குப் போய் மொதல்ல சாப்பிடு."

அக்கா பசியோடு இருந்தாள். தலைக்கவசத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள். அப்பா துறையில் இருந்த தட்டை எடுத்து, வாடிய வெற்றிலையை ஒதுக்கிவிட்டு நல்லதை மேலே வைத்தார். மிதவைத் துறையிலிருந்து தண்ணீருக்குள் போகும் படிகளில் இறங்கினார். முழங்கால் வரை தண்ணீர் வந்தது, இடுப்பு வரை வந்தது.

"அப்பா," என்றேன். "நம்ம படகுலேருந்து ஆரம்பிங்க."

"தெரியும்டா," என்றார் திரும்பாமல். தட்டைச் சாயாமல் பிடித்துக்கொண்டு மீதிப் படிகளில் இறங்கி, கீழே நிற்கும் பெரியநாயகியைப் பார்த்து நடந்து போனார்.